அசோகன் வீட்டுக் கதவு

"அசோகன்!" என்று ஒரு பெண் குரல் கூப்பிட்டது.

"இன்னாம்மா?" என்று கீழ் வீட்டு அசோகன் அண்ணன் பாயில் எழுந்து உட்கார்ந்தார்.

மறுபடியும் அதே குரல். "அசோகன் ஷிமாய்! ஒஹாயோ கொசாய்மஸ்!"

நான் தண்ணீர் பிடிக்க அவர் வாசல் குழாயடியில் நின்றிருந்தேன். அண்ணன் என்னைப் பார்த்தார். கண் இரண்டும் சிவந்திருந்தது. பொம்மசந்திராவில் நைட் ஷிப்ட் முடித்து, கம்பெனி பஸ்ஸில் வந்து, அப்போதுதான் படுத்திருந்தார்.

"யாருப்பா என்னக் கூப்புட்றது?"

"உங்கள இல்லண்ணே. உங்க பொண்ண."

பெங்களூர் ஆஸ்டின் டவுனில் பால் பாக்கெட் வந்து இறங்காத நேரம் அது. காலை வணக்கம் சொன்ன டீச்சர் இருந்த ஜப்பானில் வெயில் ஏறியிருக்கும். பிளைவுட் தடுப்புக்கு அந்தப் பக்கம், அடுப்புக்கும் பீரோவுக்கும் நடுவில், வெள்ளைச் சட்டையும் நீளப் பாவாடையுமாகத் தலைமுடியை இழுத்துக் கட்டிக்கொண்டு அவர் மகள் கௌதமி லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தாள். சட்டையில் கறுப்புப் பட்டை குத்தியிருந்தது. அதில் அவள் பெயர் இல்லை. அப்பா பெயர் இருந்தது.

மார்மன் என்கிற கிறிஸ்தவச் சபையில் ஊழியத்துக்குப் போகிறவர்களைக் குடும்பப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்களாம். நமக்கு ஏது குடும்பப் பெயர்? பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் அப்பா பெயரைப் போட்டிருந்தார்கள். ஷிமாய் என்றால் ஜப்பான் மொழியில் சகோதரி. ஆக, கௌதமி அன்று முதல் அசோகன் சகோதரி.

"என் பேர வெச்சிக்கிட்டு எனக்கே ஆப்பு வெக்கிறா பார்" என்று சொல்லிவிட்டு அண்ணன் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். தூங்கவில்லை. போர்வைக்குள் கால் கட்டைவிரல் ஆடிக்கொண்டே இருந்தது.

புத்தர் வீட்டுப் பெண்

அந்த வீட்டின் மாடியில், சிமெண்ட் ஷீட் போட்ட ஒற்றை அறையில் நான் வாடகைக்கு இருந்தேன். வேன் ஓட்டி வீடு வீடாகத் தண்ணீர் கேன் போட்டுக்கொண்டிருந்த காலம். ஓர் ஊரில் நிலையாக இருக்காத எனக்கு அந்த அறை கொஞ்சம் அதிக நாள் ஒத்து வந்தது. காரணம், கீழே இருந்த மனிதர்கள்.

அசோகன் அண்ணன் பௌத்தர். அவருடைய அப்பா காலத்திலேயே தழுவிய குடும்பம். வீட்டில் நுழைந்ததும் எதிரே சுவரில் புத்தர் படம். பௌர்ணமிக்கு விகாரைக்குப் போய்விடுவார். ஷிப்ட் மாற்றிக்கொண்டாவது போவார்.

கௌதமி பி.காம். முடித்து ஒரு கால் சென்டரில் வேலை பார்த்தாள். அங்கே தோழி ஒருத்தி அவளை மார்மன் சபைக் கூட்டத்துக்கு அழைத்துப் போனாள். இரண்டாம் வருடம் கௌதமி ஞானஸ்நானம் எடுத்தாள். அண்ணன் அதற்குக் கோபப்பட்டார், ஒரு மாதம் பேசாமல் இருந்தார், பிறகு பேசிவிட்டார். அதைத் தாண்டி வந்த வீடுதான்.

ஆனால் ஊழியம் என்று அவள் சொன்னபோது விஷயம் வேறாகிவிட்டது. ஒன்றரை வருடம். எந்த நாடு என்று அவர்களாகக் கேட்க முடியாது. சபைதான் சொல்லும். அவளுக்கு வந்தது ஜப்பான்.

"ஜப்பானா!" என்று அண்ணன் கேட்டது மாடிக்குக் கேட்டது. "ஏம்மா, உலகத்துல வேற ஊரே இல்லியா? நாம புத்தரக் கும்புடறவங்க. நீ புத்தர் ஊருக்கே போயி, அங்க இருக்கற என் ஆளுங்களுக்கு ஏசுவச் சொல்லப் போறியா?"

"சொல்லப் போறேம்பா. கேக்கறதும் கேக்காததும் அவங்க இஷ்டம்."

"உன்ன அனுப்ப மாட்டேன்."

"நீ அனுப்பலன்னா போவ மாட்டேன். எனக்கு மேஜர் வயசு, சட்டப்படி யாரையும் கேக்க வேணாம். ஆனா உங்க புத்தர் மாதிரி வூட்ல எல்லாரும் தூங்கறப்போ சொல்லாம கொள்ளாம எழுந்து போவ மாட்டேன். நீ வாயத் தொறந்து சரின்னு சொல்லு. சொன்னாத்தான் ஏரோப்ளேன் ஏறுவேன்."

அண்ணன் சுவரில் இருந்த புத்தர் படத்தைத் திரும்பிப் பார்த்தார். அவர் மனைவி செல்வி அக்கா, கார்மெண்ட்ஸ் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர், டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே சிரித்துவிட்டார். "சாக்கு, சாக்கு" என்று கன்னடத்தில் இருவரையும் அடக்கிவிட்டு ஓடினார். போதும் என்றால் அந்த வீட்டில் அப்படித்தான் சொல்வார்கள்.

விசா வரும் வரை வீட்டிலிருந்தே பயிற்சி. விசா வந்த பிறகும் அப்பா வாயைத் திறக்காவிட்டால் பயிற்சியெல்லாம் வீண். அது தெரிந்தும் அவள் தினமும் காலையில் அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். நான் அவளைக் கவனிக்கத் தொடங்கியது அதனால்தான்.

அடுப்போரம் ஒரு மங்கோலியாக்காரி

ஊழியத்துக்குப் போகிறவர்கள் தனியாக இருக்கக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். எப்போதும் இரண்டு பேர். ஒருவர் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இன்னொருவர். கௌதமிக்குக் கிடைத்த ஜோடி மங்கோலியாவில் இருந்தாள். அவளுக்கும் விசா வரவில்லை. ஆகவே லேப்டாப்பில்தான் ஜோடி.

அந்தப் பெண் பெயர் பத்பாயர் ஷிமாய். அதுவும் அவள் அப்பா பெயர்தான், அங்கேயும் நம்மைப் போலவே குடும்பப் பெயர் கிடையாது என்று கௌதமி சொன்னபோது அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "ரெண்டு அப்பாங்களும் சேர்ந்து ஜப்பான் போறாங்கண்ணா."

வகுப்பு முடிந்தாலும் லேப்டாப்பை மூடமாட்டாள். சாப்பிடும்போது அது அரிசி டின் மேல் இருக்கும். திரையில் அந்தப் பெண் ஏதோ கொழுக்கட்டை மாதிரி ஆவி பறக்கச் சாப்பிடுவாள். இவள் புளிச்சோறு. இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி ஒழுங்காக வராது. இவளுடைய ஆங்கிலம் அவளுக்குப் பாதி புரியும். அதனால் அன்று காலை படித்த ஜப்பானியச் சொற்களை வைத்தே பேசிக்கொள்வார்கள். சோறு சூடு. வெளியே குளிர். அம்மா வேலை. அப்பா தூக்கம். அவ்வளவுதான் பேச்சு. அதற்கே அப்படிச் சிரிப்பார்கள்.

டீயை விட்டுவிட்டாள். அவர்களுக்கு டீயும் காபியும் கூடாது. தெருமுனைக் கடையில் நாளுக்கு எத்தனை டீ என்று கணக்கில்லாமல் குடித்த பெண். முதல் வாரம் தலைவலியில் நெற்றியில் துணி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தத் துணியோடேயே டீச்சருக்கு வணக்கம் சொன்னாள். கை கூப்பிவிட்டாள். கையைத் தொடைமேல் வைத்து இடுப்பிலிருந்து குனியவேண்டும் என்று டீச்சர் செய்து காட்டினார். மறுநாளும் கை தானாகக் கூடிவிட்டது. அதற்கடுத்த நாள் பாவாடையின் இரண்டு பக்கத்தையும் இரண்டு கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். கை கூடவில்லை.

ஜப்பானில் இவர்கள் சைக்கிளில்தான் சுற்றவேண்டுமாம். அவளுக்கு சைக்கிள் தெரியாது. பக்கத்துப் பையனின் சைக்கிளை வாங்கி, பாவாடையை முடிச்சுப் போட்டுக்கொண்டு, மைதானத்தில் அவளே பழகினாள். முழங்கை இரண்டிலும் மஞ்சள் பற்றோடு மறுநாள் வகுப்பில் உட்கார்ந்தாள். டீச்சர் கேட்டபோது அந்த மஞ்சளுக்கு என்ன சொல்வது என்று தெரியாமல், "கரே" என்று சொல்லிவிட்டாளாம். அங்கே குழம்புக்கு அதுதான் பெயர். கையில் எதற்குக் குழம்பு தடவியிருக்கிறாள் என்று அவர்கள் பயந்துவிட்டார்கள்.

வேலைக்கு மட்டும் வந்த மொழிகள்

நான் எட்டாவதோடு நின்றவன். பிறகு ஊர் ஊராகப் போனேன். சூரத்தில் புடவை மில்லில் மூட்டை தூக்கினேன். கத்தாரில் சாரம் கட்டினேன். நடுவில் அந்தமானில் ஓர் ஓட்டலில் பாத்திரம் கழுவினேன். எங்கேயும் பட்டினி கிடந்து சாகவில்லை. சில நாள் கிடந்தேன், அவ்வளவுதான்.

எல்லா ஊரிலும் மொழி கற்றேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். யோசித்தால், எல்லா ஊரிலும் ஒரே பத்துச் சொற்களைத்தான் கற்றிருக்கிறேன். தூக்கு, இறக்கு, சீக்கிரம், நாளைக்கு, சம்பளம், சாப்பாடு. எனக்கு உத்தரவு போட என்னென்ன வேண்டுமோ அது எனக்குப் புரியும். கத்தாரில் என்னோடு ஒரே அறையில் படுத்தவன் நேபாளி. வருடக்கணக்கில் பக்கத்துக் கட்டில். அவனுக்கு எத்தனை பிள்ளைகள் என்று எனக்குத் தெரியாது. கேட்கச் சொல் இல்லை.

கௌதமி முதல் வாரமே கற்றது, "உங்கள் வீட்டில் எல்லோரும் நலமா?" என்பதற்கான ஜப்பானியச் சொற்கள். இரண்டாவது, "உங்களுக்கு மனக்கஷ்டம் ஏதாவது உண்டா?" ஒரு சுவர்க்கடிகாரத்துக்கு என்ன பெயர் என்று தெரியுமுன்னே இதெல்லாம் அவளுக்குத் தெரியும். இப்படியும் ஒரு மொழிக்குள் நுழையலாம் என்று நான் அங்கேதான் பார்த்தேன்.

மாலையில் வெளியாள் ஒருவரிடம் பேசிப் பழகவேண்டும் என்பது பாடம். என்னை உட்காரவைத்தாள். ஜப்பானியத்தில் சொல்வாள். பிறகு தமிழில் சொல்வாள். கடவுள் நம் தகப்பன், குடும்பம் என்றைக்கும் பிரியாது, இப்படி. நான் அவர்கள் மதத்துக்காரனில்லை. எந்த மதத்திலும் உறுதியாக நின்றவனும் இல்லை. ஆனாலும் அந்தப் பெண் நெற்றி வியர்க்க ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைப்பதைப் பார்த்தால் தலை தானாக ஆடிவிடும்.

"ண்ணா, நீங்க எல்லாத்துக்கும் தலைய ஆட்டிடறீங்க."

"நல்லாத்தானே சொல்றே?"

"அங்க யாரும் ஆட்ட மாட்டாங்களாம். வேணாம்னுதான் சொல்லுவாங்களாம். நீங்களும் ஒரு வாட்டி வேணாம்னு சொல்லுங்க."

எனக்கு வரவில்லை. தடுப்புக்கு அந்தப் பக்கம் ஷிப்டுக்குக் கிளம்ப ஷூ மாட்டிக்கொண்டிருந்த அண்ணன், "என்னக் கேளு, நான் சொல்றேன்" என்றார்.

"நீ நடிக்க மாட்டே. நெஜமாவே சொல்லுவே" என்றாள் அவள்.

டீக்கடையில் சொன்னது

ஒரு பௌர்ணமி அன்று விகாரையிலிருந்து அண்ணன் முறைத்துக்கொண்டு வந்தார். நான் தெருமுனையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நம்ம ஆளே கிண்டல் பண்றாம்பா. அசோக மகாராஜா தன் பொண்ணு சங்கமித்தைய தம்மம் பரப்ப கப்பல் ஏத்தி லங்கைக்கு அனுப்புனாரு, இந்த அசோகன் ஒரு ஏரோப்ளேனுக்கு அழறான்றான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் உதடு ஓரம் அசைந்தது. பிறகு டீயை ஆற்றிக்கொண்டே, "தம்பி, நீ ஒரு காலத்துல வூடு வூடா சாமான் வித்தவன்தானே?" என்று கேட்டார்.

விற்றிருக்கிறேன். கொசுவலை, குக்கர் வளையம், பினாயில். கோரமங்களாவிலும் அடுகோடியிலும் நான் ஏறாத மாடி இல்லை. பெரும்பாலும் கதவு திறக்கும் முன்னரே 'பேடா' என்று சொல்லிவிடுவார்கள். வேண்டாம் என்று அர்த்தம். சில வீட்டில் நாயை அவிழ்ப்பார்கள். தொழில் அப்படித்தான். ராத்திரி படுத்தால் தூக்கம் வந்துவிடும்.

"அவ செய்யப் போறதும் அதுதானே?" என்றார்.

"ஏறக்குறைய அதுதாண்ணே. இதைவிட மோசம்னுகூட சொல்றா. அங்க கதவே திறக்க மாட்டாங்களாம். மணி அடிச்சா சுவத்துல இருக்கற ஓட்டை வழியா குரல் மட்டும் வருமாம். வேண்டாம்னு சொல்லிட்டு நின்னுடுமாம்."

அண்ணன் டம்ளரைப் பெஞ்சில் வைத்தார்.

"அவ என் ஆளுங்கள மாத்திடுவான்னு எனக்கு பயமே இல்ல. ஒருத்தன்கூட மாற மாட்டான். நான் பயப்படறது வேற. எங்கப்பா ஊர்ல ஒவ்வொரு வாசல்லயும் தள்ளி நின்னு கூப்பிட்ட ஆளு. கதவுக்குப் பின்னாலேருந்து குரல்தான் வரும். முகத்தக் காட்ட மாட்டாங்க. இனிமே எவன் வாசல்லயும் நம்ம குடும்பம் போய் நிக்கக் கூடாதுன்னுதான் அவரு அந்த ஊர விட்டாரு, அந்தச் சாமிய விட்டாரு, புத்தர எடுத்தாரு. நான் இன்னிக்கி வரைக்கும் எவன் வூட்டுக் கதவையும் தட்டினதில்ல. வாடகைக்கு வூடு பாக்கக்கூட செல்வியத்தான் அனுப்புனேன். இவ என்னடான்னா, ஏரோப்ளேன் ஏறிப் போயி ஊரான் வாசல்ல நிக்கறேன்றா. சட்டையில என் பேர எழுதிக்கிட்டு."

எனக்கு அது தொழில். அவருக்கு அது அப்படியில்லை.

வெளியே போய் நில்

விசா வந்த செய்தி ஒரு மாலையில் வந்தது. அண்ணனுக்கு வார லீவு. செல்வி அக்காவும் வேலை விட்டு வந்திருந்தார், நானும் மாடியிலிருந்து இறங்கி வந்திருந்தேன். பயணத்துக்குத் தேதி போட, அன்றே சபைக்குச் சரியென்றோ இல்லையென்றோ சொல்லவேண்டும். கௌதமி அப்பா முன்னால் தரையில் உட்கார்ந்தாள். லேப்டாப் திறந்தே இருந்தது. மங்கோலியாக்காரியும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லுப்பா."

அண்ணன் எழுந்தார். "வெளிய போ" என்றார்.

செல்வி அக்கா குறுக்கே வந்தார். "என்னாங்க இது, வயசுப் பொண்ண..."

"வெளிய போயி நின்னு கதவத் தட்டு. அங்க போயி என்னா பண்ணுவியோ அத இங்க பண்ணு. நான் பாக்கறேன்."

கௌதமி பட்டையைச் சரி செய்துகொண்டாள். லேப்டாப்பை என் கையில் கொடுத்தாள். ஜோடி இல்லாமல் போகக் கூடாதே. நான் அதைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் போய் நின்றேன். கதவு சாத்தப்பட்டது. தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

அவள் தட்டினாள்.

"யாரு?" உள்ளேயிருந்து அண்ணன் குரல். கதவு திறக்கவில்லை.

ஜப்பானியத்தில் சொன்னாள். நாங்கள் இயேசு கிறிஸ்துவின் ஊழியக்காரர்கள், உங்களோடு சற்றுப் பேசலாமா என்று அர்த்தம்.

"பேடா, ஹோகம்மா!" என்று கன்னடத்தில் விரட்டினார்.

அவள் இடுப்பிலிருந்து குனிந்தாள். மூடிய கதவுக்கு. "ஷிட்சுரே ஷிமாஷ்தா" என்றாள். தொந்தரவு கொடுத்துவிட்டேன், மன்னியுங்கள் என்று அர்த்தம். என் கையில் இருந்த திரையிலும் அந்தப் பெண் குனிந்தாள்.

"திரும்பத் தட்டு!" என்றார் உள்ளேயிருந்து.

தட்டினாள். இந்த முறை கதவைச் சட்டென்று திறந்து, அவள் வாயைத் திறப்பதற்குள் அறைந்து சாத்தினார். நிலைப்படி அதிர்ந்து சுவர்ச் சுண்ணாம்பு அவள் தலையில் உதிர்ந்தது. குனிந்தாள். அதையே சொன்னாள். அடுத்த முறை உள்ளே ஆளே இல்லாதது போல அண்ணன் அசையாமல் இருந்தார். எதிர் வீட்டில் குக்கர் விசில் அடித்து அடங்கும் வரை அவள் காத்திருந்தாள். பிறகு அதற்கும் குனிந்தாள்.

தெருவில் ஆள் கூடிவிட்டது. "இன்னாடி, அப்பன் தொரத்திட்டானா?" என்று எதிர் வீட்டு மேரி அக்கா கேட்டார். விஷயம் தெரிந்ததும் அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. "எங்க வூட்டுக்கு வாடி, நானும் நல்லா மூடுவேன்! ஞாயித்துக்கெழம பூசைக்கு வாடின்னா நீ வந்தியா?" என்று ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நாலாவது முறை தட்டியபோது அண்ணன் கதவு திறந்தது. அவர் வாசலில் முழுதாக நின்றார். நடிக்கவில்லை. கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"உன்னோட சாமி எங்களுக்கு எதுக்கு? எங்கப்பா எனக்குக் குடுத்தத விட்டுட்டு, நேத்து வந்த பொண்ணு, உன் பேச்ச நான் ஏன் கேக்கணும்? சொல்லு!"

அவளுக்கு அதற்கு ஜப்பானியச் சொல் இல்லை. கொஞ்ச நேரம் தேடினாள். எனக்குத் தெரியும், தமிழிலும் இல்லை. மூக்கு நுனி சிவந்தது. அழுவாள் என்று நினைத்தேன்.

"உங்க அப்பா உங்களுக்கு என்னா குடுத்தாரு? சொல்லுங்க, கேக்கறேன்" என்றாள். தமிழில்தான் சொன்னாள்.

அண்ணன் வாய் திறந்தபடியே நின்றது. கதவை மூடினார். இந்த முறை அறையவில்லை, மெல்ல மூடினார்.

கௌதமி அந்தக் கதவுக்கும் குனிந்தாள். என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். நேராக மேரி அக்கா கதவுக்குப் போனாள். அங்கிருந்து திட்டு வாங்கிக்கொண்டு அடுத்த கதவு. அது ஒரு பாய் வீடு. "க்யா அம்மா, நோம்பு தொறக்கற நேரத்துல?" என்று உள்ளேயிருந்து சிரிப்பு. அதற்கும் அடுத்தது. தெருவே அவளுக்குக் கதவு சாத்த வரிசையில் காத்திருந்தது. அவள் முதுகு நேராக இருந்தது. தலையில் சுண்ணாம்பைத் தட்டிவிடவும் இல்லை.

நான் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்குள் பின்னால் தாழ்ப்பாள் திறந்தது. அண்ணன் படியில் இறங்கி நின்று பார்த்தார். தெருக்கோடி வரை பார்த்தார். செல்வி அக்கா அவர் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"ஒவ்வொண்ணுக்கும் குனியறா" என்றார் அண்ணன்.

"ஆமாண்ணே."

"எங்கப்பா குனிஞ்ச மாதிரி இல்ல." இன்னும் ஒரு படி இறங்கி, "இவ குனிஞ்சா கதவு மூடுனவன்தான் சின்னதா தெரியறான்" என்றார்.

பிறகு என் கையில் இருந்த லேப்டாப்பைப் பார்த்தார். அந்த மங்கோலியாப் பெண் அதில் ஆடி ஆடித் தெரிந்துகொண்டிருந்தாள். முதல் முறையாக அவளிடம் பேசினார். தமிழில்தான்.

"ஏம்மா, அங்க ரொம்பக் குளிருமாமே. இவளுக்கு என்னா மாதிரி ஸ்வெட்டர் வாங்கணும்?"

அவளுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனாலும் தன் சட்டையின் மேல் போட்டிருந்த தடித்த கம்பளியை இரண்டு விரலால் இழுத்து, கேமராவுக்கு அருகே கொண்டுவந்து காட்டினாள். அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதன் நெசவைப் பார்த்தார்.